குடிக்காத ரைட்டரின் ஈரல்

1

என் அண்ணன் குடிக்க மாட்டார். முதலில் இதை எழுதிவிடுகிறேன். கடைசிவரை படிக்கப் பொறுமையில்லாதவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போனால் போதும். பிராந்தி இல்லை, பீர் இல்லை, கல்யாண வீட்டில் யாரோ வற்புறுத்தினார்கள் என்று ஒரு வாய்கூட இல்லை. அவர் ஈரல் கெட்டுத்தான் செத்தார். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்தாற்போல் உண்மையாக இருக்க முடியாது என்று எங்கள் மலையில் எல்லோரும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

அவர் போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம். நான் இருப்பது நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர். பால்பவுடர் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறேன். இதே வாரத்தில் எனக்கும் ஆஸ்பத்திரியில் வருஷப் பரிசோதனை வந்தது. எனக்கும் ஈரலில் கொழுப்பு. நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள், மது உண்டா என்று. இல்லை என்றேன். அதைத் தட்டிப் பதிந்துகொண்டாள். அடுத்த கேள்விக்குப் போனாள். அவ்வளவுதான். என்னை அவளுக்கு முன்பின் தெரியாது. என் தோலின் நிறம் வேறு, பேச்சு வேறு. ஆனாலும் நான் சொன்ன 'இல்லை' அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என் அண்ணன் அதே 'இல்லை'யை, தான் பிறந்து வளர்ந்த ஊரில், தன் கையில் சோறு வாங்கித் தின்றவர்களிடம் சொன்னார். ஒருத்தன்கூட நம்பவில்லை.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் எது என்று கேட்காதீர்கள். செம்மநத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிக் கண்டுபிடித்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

2

அண்ணன் ராசேந்திரன் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகையை எழுதுவது, பழம் எடை பார்ப்பது, வேலை முடிந்ததை முதலாளிக்குப் போனில் சொல்வது. எங்கள் அப்பா அதே எஸ்டேட்டில் குழி வெட்டின ஆள். அவர் குடித்தார். குடித்து எங்களை அடித்தார், பிறகு செத்தார். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. யாருக்கும் சத்தியம் எல்லாம் செய்து கொடுக்கவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையில் குடிக்காத ஆம்பிளை என்றால் அது ஒரு பட்டம் மாதிரி. கூலி வாங்கின நாளில் பெண்கள் அண்ணனிடம்தான் வந்து, "ஏனுங்க ரைட்டரே, எங்கூட்டுக்காரர எங்கயாச்சும் பாத்தீங்களா" என்று கேட்பார்கள். அண்ணன் தன் பைக்கில் போய், விழுந்து கிடந்தவனைத் தூக்கிப் பின்னால் கட்டி உட்கார வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்.

இந்த மரியாதைக்கு ஊர் அவருக்கு ஒரு கூலி கொடுத்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மலைச்சாமி சேர்வராயன் திருவிழா முடிந்து கிடா வெட்டினால் ஆண்கள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். அண்ணனையும் விடமாட்டார்கள். கூட உட்கார வைத்து, "ரைட்டருக்குக் கலர் கொண்டாங்கடா" என்பார்கள். பெரிய பாட்டிலில் கலர் சோடா வரும். அவர்கள் ஒரு சுற்று ஊற்றினால் இவருக்கும் ஒரு சுற்று. அவர்கள் எத்தனை சுற்றோ, இவரும் அத்தனை. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். "குடிக்காத மனுசனுக்கு நாங்க வேற என்னத்தைத் தான் குடுக்கறது" என்பார்கள். காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம், எதற்குப் போனாலும் அவருக்குக் கலர். வீட்டுக்கு வருகிற சொந்தக்கார ஒறம்பரை மற்றவனுக்குப் பாட்டில் வாங்கி வந்தால் இவருக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வரும். டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை தூக்கலாக விழும். அண்ணனுக்கும் அது பெருமைதான். பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் நிதானமாக, கையில் ஆரஞ்சுக் கலரோடு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

வேலை பைக்கில். சாப்பாடு மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, மலை மாதிரி. சாமையும் ராகியும் தின்ற காலம் பொற்காலம் என்று இப்போது சில பேர் எழுதுகிறார்கள். நான் அந்தக் காலத்தில் அரைவயிற்றோடு தூங்கியவன். அரிசி வந்ததும் அதைக் குவித்துத் தின்றோம். யாரும் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணனுக்குத் தொப்பை விழுந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. "ரைட்டருக்கு இப்பத்தான் சம்பாரிச்ச களை வந்திருக்குது" என்றார்கள்.

3

என் கதை எளிது. தொழிற்சாலையில் உடம்பு சோதித்தார்கள். ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறது என்று ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஈரலில் கொழுப்பு என்றார்கள். பிறகு ஒரு ஆராய்ச்சியில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு, ரொம்பக் குண்டாக இல்லாவிட்டாலும், ஏன் ஈரலில் கொழுப்பு ஏறுகிறது, ஏறினவர்களில் யாருக்கு ஈரல் தழும்பேறி இறுகுகிறது, யாருக்கு இறுகாமல் நிற்கிறது என்று பார்க்கிறார்களாம். சேர்ந்தேன். விலாவில் ஒரு கருவியை வைப்பார்கள், யாரோ விரலால் சுண்டுவது போல் இருக்கும். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது சொல்லிவிடும். இடுப்பை அளப்பார்கள். ரத்தம் எடுப்பார்கள். என்ன தின்கிறாய், எவ்வளவு நடக்கிறாய், கூடப்பிறந்தவர்களுக்கு உண்டா என்று கேட்பார்கள்.

அங்கே எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். இது குடியால் மட்டும் வருவதில்லை. சர்க்கரைத் தண்ணீர், குவித்த சோறு, உட்கார்ந்த வேலை, சர்க்கரை நோய், குடும்ப வாகு, இவற்றாலும் வரும். வலிக்காது. ஈரல் கடைசிவரை முனகாது. இந்தக் கொழுப்பு இருப்பவர்களில் நிறையப் பேர் ஈரல் கெடுவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விடுகிறார்கள். ஆரம்பத்திலேயே பார்த்து எடையைக் குறைத்தால் ஈரல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். ஆரம்பத்தில் பார்த்தால்.

இந்த வாரம் போனபோது இன்னொன்றும் சொன்னார்கள். முன்பு இந்த நோயின் பெயரிலேயே மது என்கிற சொல் இருந்ததாம், மதுவால் வராதது என்று. அந்தச் சொல் காதில் விழுந்தாலே நோயாளிக்குக் கேவலமாக இருக்கிறது என்று உலகத்து டாக்டர்கள் கூடிப் பேசி பெயரையே மாற்றிவிட்டார்களாம். நான் சிரித்தேன். அதைச் சொன்ன டாக்டர் பெண்ணுக்கு ஏன் என்று புரியவில்லை.

வீட்டில் என் மகள் நிவேதா அன்றிலிருந்து என் சோற்றைக் கப்பில் அளந்து போடுகிறாள். அவளுக்குத் தமிழ் பாதி. நான் பேசினால் புரியும், பதில் பாதி இங்கிலீஷில் வரும். நான் திட்டினால் மட்டும் புரியாது. "அப்பா, ஒன் கப் ஒன்லி" என்பாள். நான் பிறந்த மண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரு வாட்ஸ்அப் சன்னலும் அதில் கையாட்டும் பெரியப்பாவும்தான். அவருக்கு அவள் கையாட்டுவாள். அவர் "சாமி, தின்னியா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச மொழி இல்லை.

4

அண்ணனுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. கண் மஞ்சள். கீழே சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஈரல் சுருங்கிவிட்டது என்றார். அப்புறம் கேட்டாராம், "எத்தன வருசமா குடிக்கிறீங்க?"

"நான் குடிக்கறதில்லீங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பைக் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குடோனில் சாக்குகளுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினாள். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்தார்.

"ஏன்டா, நான் குடிச்சு நீ என்னிக்காச்சும் பாத்திருக்கறயா?"

"என்னங்கண்ணா பேச்சு இது."

"இல்ல, சொல்லு. நீ கூட நான் ஒளிச்சுக் குடிக்கறேன்னு நெனைக்கறயா?"

"எனக்கும் இதே நோய்தானுங்கண்ணா. நானா குடிக்கறேன்?"

"உனக்குமா" என்றார். தன் சங்கடத்தை மறந்துவிட்டார். "நீ நல்லாப் பாத்துக்க கண்ணு. நல்ல டாக்டராப் பாரு" என்று எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஈரலில் ஒரு பகுதியை நான் தருகிறேன் என்று இங்கே கேட்டுப் பார்த்தேன். கொழுப்பேறின ஈரலை எடுக்க மாட்டோம் என்றார்கள். மரியாதையாகச் சொன்னார்கள். இந்த ஊரில் எதையும் மரியாதையாகத்தான் மறுப்பார்கள்.

5

லீவு போட்டுப் போனேன். அப்போது அண்ணன் மகள் கலாவுக்கு மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் பேசும் நேரம். நல்ல பையன். கலாவுக்குப் பிடித்திருந்தது. அண்ணனுக்கு ஒரே கவலை, கண் மூடுவதற்குள் இது முடிய வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பழனிச்சாமி எங்களுக்குத் தெரிந்த ஆள்தான். திருவிழாவில் அண்ணனுக்குக் கலர் ஊற்றிக் கொடுத்தவர். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏனுங்க ரைட்டரே, ஒரு வார்த்தை கேட்டா தப்பா நெனைக்கப்படாது. நீங்க தண்ணி போடறீங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. போட்டா போட்டுட்டுப் போங்க, எங்கூட்லயும் போடறவங்க இருக்காங்க. போடறதில்லைன்னு சொல்லிட்டுப் போடறது, அதான் மனசுக்கு ஒப்பலீங்க."

"நான் போடறதில்லீங்க."

"அப்பறம் வவுறு?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பேசினேன். குடியால் வந்ததல்ல என்றேன். ஆராய்ச்சியில் எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். எனக்கும் இருக்கிறது, நானும் குடிப்பதில்லை, வேண்டுமானால் என் ரிப்போர்ட்டைப் பாருங்கள் என்று போனைக் காட்டினேன். அண்ணன் தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்காக ஒருத்தன் பேசினான்.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது கேட்டார். "அப்ப அண்ணன் தம்பி ரெண்டு பேத்துக்குமே குடிக்காம வந்திருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"ஒரே ரத்தம்."

"குடும்பத்துல வர்றது உண்டுங்க."

"அப்ப பொண்ணுக்கு?"

"இப்பவே சக்கரையைக் குறைச்சு, சோத்தைக் குறைச்சு, நடந்தாங்கன்னா வராம பாத்துக்கலாமுங்க" என்றேன்.

அந்தம்மா கலாவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். கலா பூசினாற்போல் இருப்பாள். அப்பன் ஜாடை. "கலந்துட்டு சேதி சொல்றமுங்க" என்று எழுந்தார்கள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் அண்ணி என்னிடம் வந்தாள். "ஏனுங்க தம்பி, குடிகாரன் பொண்ணுன்னா கட்டிக்குவாங்க. இந்த எஸ்டேட்டு லைன்ல பாதி ஊட்ல அப்பன் குடிகாரன் தான், எந்தப் பொண்ணு நின்னு போச்சு? நோய்க்கார வமிசம்னு பேரு வெச்சிட்டீங்களே. இனி எவன் வருவான்?"

நான் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உண்மையைச் சொன்னவனைத் திட்டுகிற ஊரை நான்தான் திட்ட வேண்டும்.

6

சேதி வரவில்லை. அண்ணன் தானே ஆள் அனுப்பினார். சேர்வராயன் கோயிலுக்கு வாருங்கள், சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொன்னால் அது முடிந்தது. எனக்கு மனசு ஆறியது. டாக்டர் நம்பவில்லை, பெண்டாட்டி நம்பவில்லை, சாமி முன்னால் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

ஜீப்பில் மேலே போனோம். பழனிச்சாமி இரண்டு பெரியவர்களோடு வந்திருந்தார். கோயில் குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். அண்ணனால் அந்த வயிற்றோடு குனிய முடியவில்லை. வெளியிலேயே நின்றார். வாசல் கல்லில் சூடம் ஏற்றினார்கள். காற்று அடித்தது. நான் இரண்டு கையாலும் சுடரை மறைத்தேன்.

அண்ணன் சொன்னார், "சேர்வராயன் சாமி அறியச் சொல்றேன். நான் குடிச்சவன். பல வருசமா ஊட்டுக்குத் தெரியாம ஒளிச்சுக் குடிச்சேன். ஈரல் அதுலதான் போச்சு. எங்க வமிசத்துல எந்த நோயும் கெடையாது. எம்பொண்ணுக்கு ஒண்ணும் வராது."

அடித்து அணைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சூடத்தின் கரி என் கையில் ஒட்டியது.

"அப்ப தம்பி அன்னிக்குச் சொன்னது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எனக்காவ பொய் சொன்னானுங்க. எம்மேல பாசம்."

அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. பழனிச்சாமி அண்ணனின் தோளில் தட்டினார். "அட ரைட்டரே, எங்ககூட உக்காந்து கலரக் குடிச்சிட்டு என்னமா நடிச்சிருக்கறீங்க. நேராவே எங்ககூடப் போட்டிருந்தா அளவா ஊத்திக் குடுத்திருப்பமே. சரி, என்ன சரக்கு போடுவீங்க?"

அண்ணனுக்கு ஒரு சரக்கின் பெயர்கூடத் தெரியாது. ஒரு நிமிஷம் முழித்தார். "கெடைச்சதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

இறங்கும்போது கேட்டேன். "சாமி முன்னாடி பொய் சொல்லிட்டீங்களேண்ணா."

"சாமிக்குத் தெரியும் கண்ணு. ஊருக்குத்தான தெரியாது."

7

கலாவுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தாரை வார்த்தார். நான் அதற்குள் திரும்பிவிட்டேன்.

அவர் மலையில் சொன்ன பொய் அவருக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட்டது. கூடப்போன ஒறம்பரை டாக்டரிடம், "ஒத்துக்கிட்டாருங்க, குடிச்சிருக்காரு" என்று உதவியாகச் சொல்லி வைத்தார்கள். மாற்று ஈரலுக்குப் பெயர் பதிய வேண்டுமென்றால் சில மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அண்ணன் இதைப் போனில் என்னிடம் சொன்னார். "குடியை நிறுத்தச் சொல்றாங்கடா. சரி, நிறுத்திக்கறேன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. நான் சிரிக்கவில்லை. கலா தன் ஈரலைத் தருகிறேன் என்றாளாம். அவளை ஒரு டாக்டரும் தொட்டுப் பார்க்கக் கூடாது, எதையும் சோதிக்கக் கூடாது என்று அண்ணன் அடித்துச் சொல்லிவிட்டார். எதற்கு என்று அவளுக்கும் தெரியும்.

அந்த மாதங்கள் முடியவில்லை. ரத்தமாக வாந்தி எடுத்தார். போய்விட்டார்.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து ஏதோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. போன் செய்தால் ஒரு குரல் பரிசீலனையில் இருக்கிறது என்றது. அண்ணன் செத்துவிட்டார் என்றேன். வருந்துகிறோம், பரிசீலனையில் இருக்கிறது என்றது. அவசரத்துக்கு வேறு காகிதம் வாங்கலாம், அதற்கு இன்ன இன்ன சான்றுகளோடு இன்ன ஊருக்கு நேரில் வர வேண்டும் என்றது. பிணம் அதுவரை காத்திருக்காது. காத்திருக்கவில்லை.

கருமாதியை வீடியோவில் பார்த்தேன். எனக்கு இங்கே சாயங்காலம், வேலை விட்டு வந்து யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தேன். நிவேதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கே கலாவின் புருஷன் போனைப் பிடித்திருந்தான். அவன் அம்மா அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். கறி, வடை, காராச்சேவு, வெற்றிலை.

பழனிச்சாமி முன்னால் வந்தார். மடியிலிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு குவார்ட்டரை எடுத்தார். "ரைட்டருக்கு முக்கியமானத மறந்துட்டீங்களே. இனி ஒளிச்சுக் குடிக்கோணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து, நாலு பேரு பாக்கக் குடிக்கட்டும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். பழனிச்சாமி கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. பாட்டிலைக் கலாவிடம் நீட்டி, "நீயே ஊத்தி வெய்யி கண்ணு. பொண்ணு கையால வெச்சாத்தான் மனசு குளுரும்" என்றார்.

கலா வாங்கினாள். மூடியைத் திருகினாள். அண்ணன் காப்பி குடிக்கிற டம்ளரில் ஊற்றினாள்.

நிவேதா என் கையை இழுத்தாள். "அப்பா, பெரியப்பா டிரிங்க் பண்ணுவாரா? நெவர்னு சொன்னீங்களே."

அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அங்கே கேட்டுவிட்டது. கலாவின் புருஷன் போனுக்குள் குனிந்து பார்த்தான். அவன் அம்மாவும் பார்த்தார். கலா டம்ளரை வைக்கப்போன இடத்தில் அப்படியே நிறுத்தி, நிமிராமல் நின்றாள்.

"குடிப்பாரு கண்ணு" என்றேன். "நொம்பக் குடிப்பாரு."

கலா டம்ளரை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.